அருவாமனையில் நறுக்கிய சீரியம்

ஒன்பது வருடம் ஜெர்மனியில் குப்பை கொட்டிய நான், கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு டீயை வாங்கிக்கொண்டு, சிதம்பரத்துக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மீட்டர்கேஜ் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு அகலப் பாதை போடுகிறார்களாம். ரயில் எப்போது வரும் என்று அதை ஓட்டப்போகிறவர்களுக்கே தெரியாது என்றார். நான் கோயமுத்தூர்க்காரன். கடலூர்ப் பக்கம் அதற்குமுன் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அது 2009, ஆடி மாதம், புதன்கிழமை.

வேலை கடலூரில்; அறை சிதம்பரத்தில். கோயிலையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று நானே இழுத்துவிட்டுக்கொண்ட வினை. பஸ் புதுச்சத்திரம் தாண்டி பஞ்சர் ஆனது. இறங்கி நின்ற அத்தனை பேரும் டயரைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நானும் ஒன்று சொன்னேன். யாரும் சட்டை பண்ணவில்லை.

சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது பசியில் கண் இருட்டியது. இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு ஊற்றினார்கள். சாம்பார் போலவும் இல்லை, சட்னி போலவும் இல்லை, சுட்ட கத்தரிக்காயின் வாசனையோடு புளிப்பாக ஒரு வஸ்து. ஆறு இட்லி போனது தெரியவில்லை. ஜெர்மனியில் எனக்குக் கத்தரிக்காய் கிடைக்கும். அதை இப்படிச் செய்யும் கை கிடைக்காது.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் பொருள்களைக் குளிரவைத்து அளப்பதுதான் தொழில். இதற்குக் கீழே குளிரே கிடையாது என்ற எல்லைக்கு ஓரிரண்டு டிகிரி மேலே வரை இறங்குவோம். அந்தக் குளிரில் சில பொருள்களுக்குள் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்துகொள்ளும்; மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். மீக்கடத்தல் என்று பெயர். சாதாரண மீக்கடத்திக்குப் பரம எதிரி, காந்த குணமுள்ள அசுத்தம். அப்படிப்பட்ட அணு துளி கலந்தாலும் ஜோடிகள் பிரிந்துவிடும். காந்த குணம் இல்லாத அசுத்தம் என்றால் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது.

கன எலக்ட்ரான் பொருள்கள் என்று ஒரு தனி ஜாதி உண்டு. எங்கள் பொருளில் சீரியம் என்ற உலோகத்தின் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றுக்கே காந்த குணம் உண்டு. அவற்றோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி எலக்ட்ரான்கள் பல மடங்கு கனத்துப்போன மாதிரி நகரும். கனத்துப்போயும் ஜோடி சேரும். அதுதான் ஆச்சரியம், அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

கடலூரில் ஒரு கல்லூரியில் நஸ்ரின் என்ற ஆய்வு மாணவி இந்தப் படிகங்களை வளர்த்து எங்களுக்கு அனுப்பியிருந்தாள். மூன்று வகை. ஒன்று சுத்தமானது. இரண்டாவதில் கொஞ்சம் சீரியத்தை எடுத்துவிட்டு, காந்த குணம் மிகுந்த கடோலினியம். மூன்றாவதில் அதே அளவு லாந்தனம். அதற்குக் காந்த குணமே கிடையாது, பரம சாது. சுத்தமானது அந்த எல்லைக்கு மேலே இரண்டு டிகிரிச் சொச்சத்தில் ஒழுங்காக மீக்கடத்தியானது. கடோலினியம் போட்டதில் மீக்கடத்தல் கெட்டுப்போயிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் லாந்தனம் போட்டதும் அதே அளவுக்குக் கெட்டுப்போயிருந்தது.

வேறு இடங்களிலும் இப்படி வந்ததாகப் படித்திருந்தோம். ஆனால் அவை பெரிய இடங்கள். கடலூரிலிருந்து வந்தால் முதலில் கலப்படம் என்றுதான் தோன்றுகிறது. எங்கள் குழுத் தலைவர் ஹெல்முட், "எங்கேயோ இரும்பு கலந்திருக்கிறது. ஊருக்குத்தானே போகிறாய், பார்த்து எழுது" என்று அனுப்பினார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜெர்மனியில் ஒரு கூட்டம். குளிர் இயந்திரத்தை அடுத்த வருடம் யார் யாருக்குத் தருவது என்று அதில் முடிவாகும். நான் கலப்படம் என்று எழுதினால் கடலூர்ப் படிகங்கள் குப்பைக்குப் போகும். நஸ்ரினின் மூன்று வருட உழைப்பும் முனைவர் பட்டமும் கூடவே போகும். நான் வந்திருக்கும் காரணம் அவளுக்குத் தெரியாது. சும்மா பார்க்க வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தோம்.

வியாழக்கிழமை விடிந்ததும் கடலூர் வந்துவிட்டேன். கல்லூரி திறக்க நேரம் இருந்ததால் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நீளக் கயிற்றில் வரிசையாக ஆட்கள், ஒரே மூச்சில் சாய்ந்து, ஒரே மூச்சில் நிமிர்ந்து. எனக்குக் கை நமநமத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் நுழைந்து நானும் பிடித்தேன். அரை நிமிடத்தில் கயிறு தாறுமாறாக ஆடியது. தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார்.

"நீங்க வுட்டுடுங்க சார். நீங்க இழுக்குறது ஒரு பக்கம் போவுது, நாங்க இழுக்குறது ஒரு பக்கம் போவுது."

மரியாதையாக விலகி மணலில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் நடுவில் நின்ற ஒருவன், செல்போன் அடித்ததென்று கயிற்றை விட்டுவிட்டு ஓரமாகப் போனான். அவனுக்கு முன்னால் நின்றவனும் பின்னால் நின்றவனும் தடுமாறினார்கள். கயிறு மறுபடியும் அதே மாதிரி ஆடியது. பெரியவர் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். என்னை மரியாதையோடு திட்டினார், அவனை மரியாதை இல்லாமல் திட்டினார், அவ்வளவுதான் வித்தியாசம். நல்ல வேடிக்கை என்று சிரித்துவிட்டு எழுந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

நஸ்ரினின் வழிகாட்டி பேராசிரியர் தேவசகாயம், கல்லூரி வாசலிலேயே நின்று "வாங்க தம்பி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும் மனிதர். என் 'ங்க' போட்ட பேச்சைக் கேட்டு, கோயமுத்தூர்க்காரர்கள் உலையைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார்களோ என்று கேலி செய்தார். உலை என்றதும் ஞாபகம் வருகிறது. படிகம் வளர அந்த உலை நாள்கணக்கில் மெல்ல மெல்ல ஆற வேண்டும். ஊரிலோ தினமும் மின்வெட்டு. சுவரில் மின்வெட்டு நேரத்தை எழுதி ஒட்டி, அந்த நேரம் வருமுன் கல்லூரி ஜெனரேட்டருக்கு மாற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாளாம் நஸ்ரின். ஜெர்மனியில் மின்சாரம் போனால் செய்தித்தாளில் வரும்.

உள்ளே போனால், வெள்ளைக் கோட்டும் தலையில் துப்பட்டாவுமாக ஒரு பெண் தரையில் அருவாமனையின் மேல் உட்கார்ந்து எதையோ நறுக்கிக்கொண்டிருந்தாள். சேனைக்கிழங்கு அளவுக்குக்கூட இல்லாத ஒரு சாம்பல் நிறக் கட்டி. காற்று பட்டுக் கெடாமல் இருக்கத் தடவிய எண்ணெய் அலகிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள்தான் நஸ்ரின். கட்டி, சீரியம்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சீரியம் மிருதுவான உலோகம், கத்தியால் நறுக்கலாம். ஆனாலும் அருவாமனையா? இது எங்கே வாங்கியது என்று கேட்டேன். அவள் கூச்சமே இல்லாமல் சொன்னாள்.

"வீட்லேர்ந்து எடுத்தாந்தது சார். உம்மா புதுசு வாங்கிக்கிட்டாங்க. கத்தில வெச்சா துள்ளிப் போவுது, பொறி வேற பறக்குது. இதுல காலால அமுக்கிக்கிட்டு ரெண்டு கையாலயும் கெட்டியா புடிச்சிக்கலாம்."

பலே என்றேன். மனதுக்குள் வேறு கணக்கு ஓடியது. வீட்டு அருவாமனை, பச்சை இரும்பு, மீனும் முருங்கைக்காயும் நறுக்கித் தேய்ந்தது. இரும்புக்குக் காந்த குணம் உண்டு. திருடன் கையும் களவுமாக அகப்பட்டுவிட்டான்! அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல பெண், முகத்துக்கு நேரே சொல்லி எதற்கு நோகடிப்பது என்று எனக்கே நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது கருணை இல்லை, கோழைத்தனம். மறுநாள் கல்லூரிக்கு உள்ளூர் விடுமுறை. பரங்கிப்பேட்டையில் தன் வீட்டில் சாப்பிட வர வேண்டும், உம்மா சொல்லிவிட்டார்கள் என்றாள். அதற்கும் தலையாட்டினேன்.

சாயங்காலம் சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஹெல்முட்டுக்கு எழுதினேன். கிராமத்துப் பெண்கள் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கும் இரும்புக் கருவி ஒன்றில் சீரியத்தை வெட்டுகிறார்கள், கலப்படம் உறுதி என்று. பத்து நிமிடத்தில் பதில் வந்தது: 'நன்றி. நாளை பட்டியலிலிருந்து கடலூரை எடுத்துவிடுகிறேன்.' வேலை முடிந்த நிம்மதியில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மறுபடியும் கொத்சு சாப்பிட்டேன். அன்றைக்கு மூன்று இட்லியோடு எழுந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பரங்கிப்பேட்டை பஸ் பிடித்தேன். புவனகிரி தாண்டியதும் ஒரு அம்மன் கோயில் முன்னால் பஸ் நின்றது. பஞ்சர் இல்லை. ஆடி வெள்ளி, கூழ் ஊற்றுகிறார்கள். டிரைவர் இறங்கினார், கண்டக்டர் இறங்கினார், பஸ்ஸே இறங்கியது. வரிசையில் நின்று நானும் வாங்கினேன். கேழ்வரகுக் கூழ், தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை. நேரமாகிறதே என்று கண்டக்டரிடம் இழுத்தேன். இன்னொரு சொம்பு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் அவர். ஜெர்மனியில் பஸ் ஒரு நிமிடம் தாமதமானால் ஆட்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே கூழ் தீரும்வரை யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

நஸ்ரினின் வீட்டில் நுழைந்தபோது பதினொன்றரை. அவளுடைய உம்மா சமையல்கட்டில் புது அருவாமனையில் வஞ்சிர மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"எம்புள்ள வேல நல்லாருக்கா தம்பி? அவுங்க வாப்பா குவைத்துலேர்ந்து வாரா வாரம் கேக்குறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தேன். நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்ல முடியவில்லை. உம்மா உள்ளே போனதும் நஸ்ரினை உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் வந்த காரணம், லாந்தனம் கெட்டுப்போனது, அருவாமனை, இரும்பு, நேற்று எழுதிய கடிதம், இன்றைய கூட்டம், எல்லாவற்றையும். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"மூணு வகைக்கும் அதே அருவாமனைதான் சார். அதே எண்ணெய், அதே கை. லாந்தனத்தக் கெடுத்தது அந்த இரும்புன்னா, சுத்தமானது மட்டும் எப்படி சார் ஒழுங்கா வந்துச்சு?"

எனக்குச் சுரீரென்றது. பள்ளிக்கூடப் பையன் கேட்கக்கூடிய கேள்வி. நான்தான் அதை அளந்தவன். சுத்தமான படிகம் இரண்டு டிகிரிச் சொச்சத்தில் மீக்கடத்தியானதை என் கண்ணால் பார்த்தவன். அருவாமனையைப் பார்த்ததும் அத்தனையும் மறந்துபோயிருக்கிறது. இதே காரியத்தை ஒரு ஜெர்மன் மாணவன் பளபளக்கும் கத்தியில் செய்திருந்தால், கத்தி எந்த எஃகு என்று கேட்டிருப்பேன். அருவாமனையிடம் கேட்க எனக்குக் கேள்வியே தோன்றவில்லை.

"இத நேத்தே என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல சார்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்படியானால் லாந்தனம் ஏன் கெடுக்கிறது என்று கேட்டேன். இந்த முறை உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். இந்தப் பொருளில் ஒவ்வொரு சீரியமும் தன் இடத்தில் நின்று மற்றவற்றோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும், லாந்தனம் அந்த இடத்தில் சும்மா நிற்கிறது, சீரியம் இல்லாமல் போனதுதான் கெடுதல் என்றாள். தேவனாம்பட்டினம் கயிறு கண்முன் வந்தது. முரண்டு பிடித்து இழுத்த நான் கடோலினியம். கயிற்றை விட்டுவிட்டுப் போனவன் வேறு எந்தத் தப்பும் செய்யவில்லை. அவன் அங்கே இல்லை, அவ்வளவுதான். கயிறு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் ஆடியது.

மணி பார்த்தேன். பன்னிரண்டாக ஐந்து நிமிடம். ஜெர்மனியில் ஒன்பது என்றால் இங்கே பன்னிரண்டரை. என் ஜெர்மன் செல்போன் வந்த நாளிலிருந்து செத்துக்கிடந்தது. நஸ்ரினின் செல்போனில் வெளிநாட்டுக்குப் பேச வசதி இல்லை. தெருமுனை பூத்துக்கு இருவரும் ஓடினோம். ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டது, பூத்துக்காரர் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகப் பள்ளிவாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தார். பிரவுசிங் சென்டரும் பூட்டு. அந்த நேரத்தில் பரங்கிப்பேட்டையில் ஒரு கடை திறந்திருக்காது என்றாள் நஸ்ரின். சிதம்பரம் போவதற்குள் கூட்டம் முடிந்து காப்பியும் குடித்துவிடுவார்கள்.

வீட்டுக்கே திரும்பினோம். கூடத்தில் ஒரு போன் இருந்தது. அதிலிருந்து ஜெர்மனிக்குப் பேச முடியுமா என்று கேட்டேன்.

"வர்ற போன் மட்டும்தான் சார் இதுல. வாப்பா பேசுறதுக்காக வெச்சது."

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் இந்த நேரத்துக்கு அவர்தானாம். நஸ்ரின் எடுத்து சலாம் சொல்லிவிட்டு, மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். பழைய போன், அந்தப் பக்கம் பேசுவது கூடம் முழுக்கக் கேட்டது. அவளுடைய வாப்பா பதறவில்லை. என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"நம்பரச் சொல்லுங்க தம்பி. நான் இங்க ஹோட்டல்ல டெலிபோன் ஆபரேட்டரு. லைன் போட்டுக் குடுக்குறதுதான் என் பொழப்பே."

சொன்னேன். ஏதோ கரகரத்தது, மணி அடித்தது, ஹெல்முட் எடுத்தார். பரங்கிப்பேட்டையிலிருந்து குவைத் வழியாக ஜெர்மனி. ஹெல்முட்டோடு எப்போதும் ஜெர்மனில்தான் பேசுவேன். அன்றைக்கு ஆங்கிலத்தில் பேசினேன். நஸ்ரின் பக்கத்தில் நின்றிருந்தாள். என்னைப் பற்றி நான் என்ன சொல்கிறேன் என்று அவளுக்குப் புரிய வேண்டும் என்று பட்டது.

நான் எழுதியது தப்பு என்றேன். மூன்றும் ஒரே அலகில் வெட்டியவை, சுத்தமானது ஒழுங்காக இருக்கிறது, எனவே இரும்பு காரணமில்லை என்றேன். கயிற்றுக் கதையையும் சொன்னேன்: முரண்டு பிடிக்கிறவன் நுழைந்தாலும் வரிசை கெடும், சொந்த ஆள் ஒருவன் இல்லாமல் போனாலும் அதே அளவுக்குக் கெடும், நஸ்ரினின் படிகங்கள் காட்டுவது இதைத்தான் என்று. இதை நேற்று ஏன் யோசிக்கவில்லை என்று ஹெல்முட் கேட்டார்.

"அருவாமனையைப் பார்த்தேன். பார்த்ததுமே முடிவு செய்துவிட்டேன்" என்றேன்.

"நான் அதைப் பார்க்காமலே முடிவு செய்துவிட்டேன்" என்றார் அவர். கூட்டத்துக்குப் போகிறேன், பெயரைத் திரும்ப எழுதுகிறேன், இந்த முறை அந்தப் பெண்ணே மூன்று மாதம் இங்கே வந்து தன் கையால் அளக்கட்டும், உன்னை நம்பிப் பயனில்லை என்று சொல்லிவிட்டு வைத்தார். கடைசி வரியை அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நஸ்ரின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை.

"கேட்டுக்கிட்டேதான் இருந்தேன் தம்பி. ஆபரேட்டரு கேக்கக் கூடாது. எம்புள்ள பேரு வந்துச்சு, அதான். ஒரு சந்தேகம். நம்ம ஆளு ஒருத்தன் அங்க இல்லன்னா, அது அவ்ளோ கெடுத்துடுமா?"

நஸ்ரின் ரிசீவரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அதெல்லாம் கிரிஸ்டல்ல மட்டும்தான் வாப்பா."

மீன் வாசனையோடு சமையல்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உம்மா, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினார்.

"அவ பொய் சொல்றா" என்றார். "நீங்க எப்ப வர்றீங்க?"